பக்கத்துக் காட்டுக்காரர் குதிரை மேய்க்கக் கேட்கிறார், விடலாமா?

வாசகர் கேள்வி பதில்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில், வேலிகளுக்கு நடுவே போகும் ஒரே இட்டேரியில் கேரளமும் தமிழ்நாடும் மாறி மாறி வரும் ஊர்களிலிருந்து குதிரை மேய்ச்சலைப் பற்றிச் சில கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றுக்கொன்று தொடர்பு உள்ளவை என்பதால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. முன்பு நிலக்கடலையும் சோளமும் போட்டோம். வீட்டுக்காரர் தவறிய பிறகு விதைக்க ஆளில்லாமல் புல்லாகவே கிடக்கிறது, எங்கள் இரண்டு மாடு மட்டும் மேய்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எனக்கு அண்ணன் முறை. கல்யாண ஊர்வலத்துக்கும் ரேக்ளாவுக்கும் நான்கு குதிரை வைத்திருக்கிறார். "சும்மாதானே கெடக்குது, வருஷத்துக்கு ஒரு தொகை வாங்கிக்க, குதிரை மேயட்டும்" என்கிறார். கொழுந்தனார் "பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விட்டா நிலம் போயிரும்" என்று பயமுறுத்துகிறார். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் எழுதி வாங்காமல் விடாதே என்கிறான். சொந்தத்துக்குள் எழுத்து கேட்டால் மனஸ்தாபம் வராதா ஐயா? எவ்வளவு வாங்கலாம்? நிலம் கெட்டுப்போகுமா?
வாசகி, சித்தூர் தாலுகா

பதில்: விடலாம் அம்மா. ஆனால் அவர் கேட்கிற விதத்தில் விடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தொகை என்று பேசி முடித்தால், மழைக்குப் பிறகு புல் முழங்கால் உயரம் நிற்கும்போதும் பங்குனியில் மண் தெரியும்போதும் ஒரே கணக்கு, நான்கு குதிரை ஆறு ஆனாலும் அதே கணக்கு. பணம் கொடுத்தாகிவிட்டதே என்று கடைசி வேர் வரைக்கும் மேயவிடத்தான் யாருக்கும் தோன்றும், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நீங்கள் விற்க வேண்டியது புல்லை, நிலத்தை இல்லை. எத்தனை குதிரை, எந்தெந்த மாசம், புல் எவ்வளவு குட்டையானால் குதிரையை வெளியே ஓட்ட வேண்டும், இந்த மூன்றையும் பேசி முடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

முதலில் கொழுந்தனார் சொல்வதைப் பார்ப்போம், அதைத் தள்ளிவிட முடியாது. உங்கள் காடு கேரள எல்லைக்குள் இருக்கிறது. கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் 1963இல் வந்தது. அதில் செய்த பெரிய திருத்தங்கள் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது நிலவுடைமையாளர்களான ஜன்மிகளிடம் பாட்டத்துக்கு உழுதுகொண்டிருந்தவர்களுக்கு நிலத்தில் உரிமை கிடைத்தது. பாட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் பதறுவது அதனால்தான். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, புதிதாகப் பாட்டம் கொடுப்பதையே தடை செய்திருக்கிறது. ஆகவே இன்றைக்கு நீங்கள் ஒரு பாட்டச்சீட்டு எழுதினால் அந்தக் காலம் மாதிரி நிலம் கைமாறிப் போய்விடும் என்பதில்லை, ஆனால் சட்டம் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, நாளைக்குப் பணம் வரவில்லை என்று கோர்ட்டுக்குப் போனால் உங்கள் பக்கம்தான் பலவீனமாக நிற்கும்.

அதற்கு வழி, பாட்டம் கொடுக்காமல் மேய்ச்சலுக்கு அனுமதி மட்டும் கொடுப்பது. சட்டத்தில் இதை லைசென்ஸ் என்பார்கள். நிலம் உங்கள் கைவசத்திலேயே இருக்கும், இன்னார் இத்தனை குதிரையை இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இங்கே மேய்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் காகிதத்தின் தலையில் அனுமதிப் பத்திரம் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நிலம் உண்மையில் யார் கைவசம் இருந்தது, இரண்டு பேரும் என்ன நினைத்துச் செய்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லிவிட்டது. அதனால் நடப்பும் அப்படியே இருக்கட்டும். படலுக்குப் பூட்டுப் போட்டால் ஒரு சாவி உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் மாடுகள் அங்கே தொடர்ந்து மேய வேண்டும். வேலியோரப் பனையும் வேம்பும் உங்கள் அனுபவத்தில் இருக்க வேண்டும், கரம் (நிலவரி) கட்டின ரசீது உங்கள் பெயரில் வருஷா வருஷம் வர வேண்டும். முக்கியமாக, குதிரைக்கு நிழல் வேண்டும் என்று சிமெண்டுத் தூண் நட்டு லாயம் கட்டுவதற்கோ போர் போடுவதற்கோ அவர் பெயரில் கரண்ட் இழுப்பதற்கோ சம்மதிக்காதீர்கள். நிழலுக்கு நான்கு மூங்கில் ஊன்றித் தென்னங்கீற்றுப் பந்தல் போடட்டும், மேய்ச்சல் முடிந்ததும் பிரித்துக்கொள்ளலாம். பத்திரத்தைச் சித்தூரில் ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

எல்லைக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சி தாலுகாவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் குத்தகைக்கு அப்படி ஒரு தடை இல்லை, ஆனால் தன் உடலுழைப்பால் பயிர் செய்யும் குத்தகைதாரருக்கு 1955ஆம் வருஷச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பது இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான விதி. மேய்ச்சலுக்கு மட்டும் என்று எழுதி, பதினோரு மாசத்துக்குள் முடித்து, அடுத்த முறை புதிதாக எழுதிக்கொள்வதே இரண்டு பக்கமும் நல்லது.

சொந்தத்துக்குள் எழுத்து கேட்டால் மனஸ்தாபம் வருமா என்கிறீர்கள். நான் பார்த்தவரை மேய்ச்சல் தகராறுகள் எழுத்து கேட்டதால் வந்தவை இல்லை. இத்தனை குதிரை என்றுதானே பேசினோம், நீ அப்போது அப்படிச் சொல்லவில்லையே, என்று ஆளுக்கு ஒரு ஞாபகத்தில் வந்தவைதான். அண்ணனிடம் நேரிலேயே சொல்லுங்கள்: "பையன் எழுதச் சொல்றான்ங்கண்ணா, உங்களுக்கும் அது நல்லதுதானுங்க, நாளைக்கு நான் இல்லாட்டியும் நீங்க புல்லுக்குக் காசு கொடுத்தீங்கன்னு கையில ஆதாரம் இருக்கும்." பணத்தை மாசா மாசம் வாங்குங்கள், வாங்கும்போதே நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள், நீங்களும் அவருக்கு ரசீது கொடுங்கள்.

இனி புல்லுக்கு வருவோம், என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த தீவனம் தின்னும். 350 கிலோ குதிரை என்றால் காய்ந்த கணக்கில் 7 கிலோ. நான்கு குதிரைக்கு 28 கிலோ. உங்கள் காட்டில் எவ்வளவு புல் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்து பார்க்க வேண்டும். நான்கு குச்சியை ஒரு மீட்டர் சதுரமாகக் கட்டிக்கொள்ளுங்கள். காட்டில் நன்றாக வளர்ந்த இடம், சுமாரான இடம், பாறையோரம் என்று ஏழெட்டு இடத்தில் அதைப் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை மட்டும் கருக்கரிவாளால் அடியோடு அறுத்து, தனித்தனிச் சாக்கில் போட்டு, மொட்டை மாடியில் மொறுமொறுவென்று காயும்வரை வெயிலில் போடுங்கள். பிறகு மளிகைக்கடைத் தராசில் நிறுத்துச் சராசரி பாருங்கள். ஒரு சதுரத்துக்கு 150 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்குச் சுமார் 4,000 சதுர மீட்டர், ஆக 600 கிலோ. நான்கு ஏக்கருக்கு 2,400. இதில் பாதிக்கு மேல் மேயவிடக்கூடாது. மிச்சப் பாதி, மிதிபடுவதற்கும் லத்தி விழுவதற்கும் புல் மறுபடி துளிர்ப்பதற்கும் வேண்டும். அப்படியானால் 1,200 கிலோ, ஒரு நாளைக்கு 28 கிலோ வீதம் 43 நாள் வரும். உங்கள் இரண்டு மாடும் கூடவே மேய்ந்தால் அதற்கும் குறைவு.

அண்ணன் மனதில் நான்கு ஏக்கர் இருக்கிறது, நான்கு குதிரைக்கு வருஷம் முழுக்கக் கவலையில்லை என்று இருக்கும். கணவாய்க்கு மேற்கே இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) கொட்டுகிற மாதிரி கிழக்கு ஓரத்தில் பெய்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும், காற்று ஓயாது அடிக்கும், மழை மற்ற இடத்தைவிடக் குறைவு, ஐப்பசி மழையையும் சேர்த்து நம்பித்தான் காடு பச்சைகட்டும். ஆகவே இடவப்பாதிக்குப் பிறகு ஒரு முறை, துலா மழை என்கிற அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை என்று புல் இருக்கும் காலத்துக்கு மட்டும் விடுங்கள், மீதி நாளுக்கு அவர் சோளத்தட்டு வாங்கித்தான் ஆகவேண்டும். அந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார், குதிரை வளர்ப்பவருக்குத் தீவனக் கணக்கு புரியாமல் இருக்காது.

எவ்வளவு வாங்கலாம் என்பதற்கும் இதே கணக்குதான். அந்த மாசம் உங்கள் ஊரில் காய்ந்த சோளத்தட்டு என்ன விலையோ பாருங்கள். ஒரு குதிரை மாசத்துக்கு 210 கிலோ தின்னும் என்றால் அவ்வளவு தட்டுக்கு என்ன ஆகுமோ அதில் பாதியைக் கேட்பது நியாயம் என்பது என் அபிப்பிராயம். அறுப்புக்கூலி, வண்டிக்கூலி உங்களுக்கு இல்லை, காவலும் குதிரைக்கான கூடுதல் வேலிச் செலவும் அவருக்கு இருக்கிறது, அதனால் பாதி. தட்டு விலை ஏறுகிற வருஷம் உங்களுக்கும் ஏறட்டும்.

நிலம் கெடுமா என்றால், விட்டுப்பிடித்தால் கெடாது, விட்டுவிட்டால் நிச்சயம் கெடும். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, நாக்கால் சுற்றி இழுத்துத்தான் மேயும், அதனால் அடியில் கொஞ்சம் மிஞ்சும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு, உதட்டால் ஒதுக்கி மண்ணோடு சிரைத்த மாதிரி வெட்டும். விட்டால் நாளில் 14, 16 மணி நேரம்கூட மேயும். அதோடு தனக்குப் பிடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மேய்ந்து மொட்டையாக்கும், லத்தி போட்ட பக்கம் வாயே வைக்காது, அங்கே கோரையும் பார்த்தீனியமும் ஏறும். பாதிக் காடு மொட்டை, பாதிக் காடு புதர் என்று ஆவது இப்படித்தான். மொட்டையான மணல் தரையில் மேயும் குதிரை புல்லோடு மணலையும் விழுங்கி வயிற்றுவலியில் உருளும், குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதால் அதன் வயிற்றுவலியைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. ஆக, புல்லைக் காப்பது உங்கள் நிலத்துக்கு மட்டுமல்ல, அவர் குதிரைக்கும் நல்லதுதான்.

நாலு விரல் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையைத் தரையில் பக்கவாட்டில் ஊன்றினால் நாலு விரல் உயரத்துக்குப் புல் வந்துவிட்டதா, அன்றைக்குக் குதிரை வெளியே. மறுபடி ஒரு ஜாண் வளர்ந்த பிறகுதான் உள்ளே. காட்டை மூன்றாகப் பிரித்து ஒன்றை விட்டு ஒன்று மேயவிட்டால் இன்னும் சிறப்பு, பிரிக்க சோலார் வேலிக் கம்பி போதும். மழை பெய்து மண் சொதசொதவென்று இருக்கும் நாளில் விடவே கூடாது. லாடம் அடித்த குளம்பு ஈர மண்ணை வெட்டி இறுக்கிவிடும், படலுக்குப் பக்கத்திலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் இது கண்கூடாகத் தெரியும். தொட்டியை ஒரே இடத்தில் வைக்காமல் நகர்த்தி நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் யார் கொடுப்பது என்பதையும் இப்போதே பேசுங்கள், வெயில் காலத்தில் ஒரு குதிரை 30 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும், உங்கள் கிணற்றிலிருந்து என்றால் அது தனிக் காசு.

மாடும் குதிரையும் ஒரே காட்டில் மேய்வதில் ஒரு லாபம் உண்டு. குதிரையின் குடல் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டுக்கு ஒட்டாது, மாட்டினுடையது குதிரைக்கு ஒட்டாது, குதிரை ஒதுக்கிய இடத்துப் புல்லை மாடு மேய்ந்து சமன் செய்யும். குதிரை போன பிறகு மாட்டை விடுவது நல்ல பழக்கம். கோமாரி நோயும் குதிரைக்கு வராது. ஆனால் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் கடிக்கும் ஈக்கள் மூலம் குதிரைக்கும் மாட்டுக்கும் பரவும். இன்னொன்று கிளாண்டர்ஸ், மூக்கில் சளி ஒழுகுவது, தோலில் கட்டி கட்டியாக வந்து உடைவது. குதிரையிலிருந்து மனிதருக்கும் வரக்கூடிய கொடிய நோய், சந்தேகம் வந்தால் கால்நடைத் துறைக்குச் சொல்லியாக வேண்டும், உறுதியானால் குதிரையைக் காப்பாற்ற வழியில்லை. ரத்தம் எடுத்து ஹரியானாவில் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் வரை அனுப்பிப் பார்க்கிறார்கள். உங்கள் அண்ணன் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்ப் புதுக் குதிரை பிடித்து வந்தால், எங்கிருந்தோ வந்த குதிரையை மறுநாளே உங்கள் காட்டில் விடக்கூடாது. மூன்று நான்கு வாரம் தனியாகக் கட்டி, மிருகாஸ்பத்திரியில் காட்டிய பிறகுதான் விடலாம் என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கட்டும். ஆண் குதிரை விடுவாரா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

கடைசியாக, காட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். வேலியில் அரளி இருந்தால் வெட்டி அப்புறப்படுத்துங்கள், காய்ந்த அரளி இலைகூடக் குதிரையைக் கொல்லும். ஆமணக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு, உண்ணிச்செடி, கிலுகிலுப்பை இவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். பசிக்காத குதிரை பெரும்பாலும் இவற்றைத் தொடாது, புல் தீர்ந்த காட்டில் நிற்கும் குதிரை எதையும் தின்னும். குதிரை செத்தால் யார் பொறுப்பு என்ற பேச்சே வராமலிருக்க, அனுமதி கொடுக்கும் முன் இரண்டு பேரும் சேர்ந்து காட்டைப் பார்த்தோம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாம்பு, மின்னல், கம்பி அறுந்து விழுதல் எதனால் குதிரைக்கு ஆனாலும் நஷ்டம் அவருடையது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

கேள்வி: கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றில் மேய்ச்சல் பிடித்து இரண்டு குதிரை விட்டிருக்கிறேன். தோப்பில் கினியாப் புல்லும் கோ-4 நேப்பியரும் செழிப்பாக இருக்கிறது, சாயங்காலம் தவிடு வைக்கிறேன். சில மாசமாகப் பெண் குதிரையின் முகம் இரண்டு பக்கமும் புடைத்து வருகிறது, நடையும் தள்ளாடுகிறது, ஒருநாள் முன்கால், ஒருநாள் பின்கால். தோப்புக்காரர் என் மாடு பத்து வருஷமாக இதே புல்லைத்தானே தின்கிறது என்கிறார். புல்லில் குறையா, குதிரையில் குறையா?
வாசகர், பொள்ளாச்சி தாலுகா

பதில்: தோப்புக்காரர் சொல்வது மாட்டுக்குச் சரி தம்பி, குதிரைக்குச் சரியில்லை. நேப்பியர், கினியா, கொழுக்கட்டைப் புல், செட்டேரியா போன்ற வெப்பநாட்டுப் புற்களில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது புல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடுகின்றன, அதனால் மாடு தப்பிக்கிறது. குதிரைக்கு அசைபோடும் இரைப்பை கிடையாது, புல்லில் உள்ள சுண்ணாம்பு உடம்பில் சேராமலே வெளியேறுகிறது. ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். மாசக்கணக்கில் இப்படி நடந்தால் எலும்பு வலுவிழக்கும், முக எலும்பில் நார் நிறைந்து புடைக்கும், கால் மாற்றி மாற்றி நொண்டும். நீங்கள் எழுதியிருப்பது இதன் அறிகுறியைப் போலவே இருக்கிறது. இதில் தவிடு வேறு வைக்கிறீர்கள். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்பு குறைவு, அது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

இன்றைக்கே தவிட்டை நிறுத்துங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் பல் வேரில் சீழ் பிடித்தாலும் முகம் புடைக்கும், அது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், எதுவென்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பும் பாஸ்பரஸும் சரியான அளவில் சேர்ந்த தாதுக்கலவையை எவ்வளவு, எத்தனை மாசம் என்று அவரிடமே கேட்டுக் கொடுங்கள். எலும்பு தேற மாசக்கணக்கில் ஆகும், அதுவரை சவாரியும் வண்டியும் வேண்டாம்.

தோப்பை விட்டுவிட வேண்டியதில்லை. அந்தப் புல் மட்டுமே அவற்றின் உணவாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அறுகம்புல்லில் இந்தத் தொந்தரவு இல்லை, வரப்பில், வாய்க்காலோரத்தில் அறுகு எங்கே கிடைத்தாலும் அறுத்துப் போடுங்கள். குதிரைமசால் சுண்ணாம்புச் சத்து நிறைந்தது, தண்ணீர் வசதியுள்ள தோப்பில் ஒரு மூலையில் பத்து சென்ட் போட்டால் இரண்டு குதிரைக்கு நல்ல துணைத்தீவனம் ஆகும். தோப்புக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் கறவை மாட்டுக்கும் நல்லதுதானே, பாதி செலவு ஏற்றுக்கொள்வார். ஒன்று மட்டும், இளம் தென்னம்பிள்ளை இருக்கும் வரிசைக்குள் குதிரையை விடாதீர்கள், குருத்தைக் கடித்தால் மரமே போய்விடும், அந்த நஷ்டத்தை ஈடுகட்டவே முடியாது. பிள்ளையைச் சுற்றி முள் அடைத்துவிட்டு விடுங்கள்.

கேள்வி: வேலந்தாவளம் பக்கம் சோளம் அறுத்த காட்டைக் குதிரைக்கு மேய்ச்சல் கேட்கிறார்கள். அறுத்த அடியிலிருந்து மறுதாம்பு துளிர்த்துப் பச்சையாக இருக்கிறது. விடலாமா?
வாசகர், வடகரப்பதி

பதில்: கூடவே கூடாது. சோளத்தின் இளந்துளிரிலும், வெயிலில் வாடிய பயிரிலும் சயனைடு நஞ்சு இருக்கும், மாடு செத்துப்போவதை நம் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. குதிரைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. சோளப் பச்சையில் வாரக்கணக்கில் மேய்ந்தால் பின்னங்கால் நரம்பு கெட்டுத் தள்ளாடும், சிறுநீர் தானாகச் சொட்டும், மூத்திரப்பை புண்ணாகும். அப்படி ஆன குதிரை பெரும்பாலும் தேறுவதில்லை. நன்றாகக் காய்ந்த தட்டை வெட்டிப் போடலாம், நின்ற மறுதாம்பில் மேயவிடக்கூடாது. மறுதாம்பை உழுது மடக்கிவிட்டு, பிறகு அங்கே புல் முளைத்தால் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் காட்டில் மேய்ச்சலுக்கு விட்ட பக்கத்து வீட்டு மாமாவின் குதிரை முள்கம்பி வேலியில் சிக்கி மார்பு கிழிந்துவிட்டது. இன்னொரு குதிரை வேலி தாண்டி ரோட்டுக்குப் போய் ஒரு பைக்காரர் விழுந்துவிட்டார். உன் வேலிதானே என்று மாமா என்னைச் சொல்கிறார். யார் பொறுப்பு?
வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: பைக்காரருக்கு முதலில் ஆஸ்பத்திரிச் செலவை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள், யார் பொறுப்பு என்ற பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும். சட்டப்படி, தன் கைவசமுள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் போதுமான கவனம் எடுக்காதது குற்றம், நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. குதிரை யார் கைவசமோ, அவரையே முதலில் கேட்பார்கள். ஆனால் வேலி இற்றுப்போய் இருந்தது உங்களுக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்றால் உங்களையும் இழுப்பார்கள். இதையெல்லாம் முன்கூட்டியே எழுதியிருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது, இனிமேலாவது வேலிச் செலவு யாருடையது, வாரம் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது யார் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். என் யோசனை, வெளி வேலி நிலத்துக்காரர் பொறுப்பு, குதிரைக்காகக் கூடுதலாகப் போடும் எதுவும் குதிரைக்காரர் பொறுப்பு.

முள்கம்பி குதிரைக்கு ஆகவே ஆகாது. மாடு முள் குத்தினால் பின்வாங்கும், குதிரை மிரண்டால் முன்னே பாயும், சிக்கினால் இன்னும் உதறும், தோல் கிழிந்து எலும்பு தெரியும்வரை நிற்காது. பழைய கிளுவை வேலி இருக்கிற காடு என்றால் அதைவிட நல்ல வேலி குதிரைக்குக் கிடையாது, இடைவெளி விழுந்த இடத்தில் மழைக்காலத்தில் கிளுவைப் போத்து நட்டு நிரப்புங்கள். அதுவரை முள்கம்பிக்கு உட்புறம் நாலடி தள்ளி, குதிரையின் மார்பு உயரத்தில் அகலமான வெள்ளை நாடா கட்டிய சோலார் வேலி ஒன்று போடட்டும். கண்ணுக்குத் தெரிந்தால் குதிரை நிற்கும்.

கிழிந்த மார்பை மருத்துவர் பார்த்திருப்பார், டெட்டனஸ் ஊசி போட்டாரா என்று கேளுங்கள். வளர்ப்புப் பிராணிகளில் டெட்டனஸ் தாக்குதலுக்கு மிக எளிதில் ஆளாவது குதிரைதான். மேய்ச்சலுக்கு வரும் எந்தக் குதிரைக்கும் அந்தத் தடுப்பூசி போட்ட சீட்டு இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், சங்கடப்படாதீர்கள்.

கேள்வி: எங்கள் தோப்பில் கோழிப்பண்ணை எரு போடுகிறோம், பக்கத்தில் பண்ணைத் தீவன மூட்டைகளும் இருக்கும். குதிரை மேய விடுவதில் பிரச்சினை உண்டா? இன்னொன்று, மேய்கிற குதிரையின் லத்தி யாருக்குச் சொந்தம்? அவர் அள்ளிக்கொண்டு போகிறார்.
வாசகர், ஆனைமலை

பதில்: கோழித் தீவனம் எச்சரிக்கையான விஷயம். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் நோய்க்காக மோனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பது வழக்கம். கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவு குதிரையின் இதயத் தசையை அழித்துக் கொன்றுவிடும், மாற்று மருந்து கிடையாது. மூட்டைகளைப் பூட்டிய அறையில் வையுங்கள், கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டியதையும் பெருக்கி எடுங்கள். எருவிலும் அந்த மருந்தின் மிச்சம் இருக்கும், செத்த கோழி கலந்திருந்தால் வேறு நஞ்சும் சேரும். எரு போட்ட தோப்பில், அது மழையில் நன்றாக மண்ணோடு சேர்ந்து, மேலே ஒன்றும் தெரியாமல் புதுப்புல் வந்த பிறகே குதிரையை விட வேண்டும்.

லத்தி நியாயப்படி நிலத்துக்குத்தான் சேர வேண்டும், உங்கள் புல்லில் வந்தது, உங்கள் மண்ணிலிருந்து போனது. ஆனால் அவர் அள்ளுவதால் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது, வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளினால் குதிரைப் புழு குறையும், ஒதுக்கிய புல்லும் குறையும். அதனால் அள்ளும் வேலை அவருடையது, குவிப்பது உங்கள் தோப்பின் மூலையில் என்று பேசுங்கள். குதிரை தின்ற களை விதை முழுசாகவே வெளியே வரும், பச்சை லத்தியை நேரே தென்னைக்குப் போட்டால் களையை விதைத்த கணக்காகிவிடும். ஓலை, சருகு சேர்த்துக் குவித்துத் தண்ணீர் தெளித்து, உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறி ஆறியதும் ஒருமுறை புரட்டி, மறுபடி சூடேற விட்டு மட்கிய பிறகு போடுங்கள். பாதி வேண்டும் என்று அவர் கேட்டால் மட்கியதில் பாதி கொடுங்கள்.